தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளும் வஸிய்யத்தும்



ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அன்றைய அரபு வழக்கப்படி அவர்களின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பொருளின்றி இவர்களுக்கு எவ்வாறு மணம் முடிப்பது என முறையிட்டார்கள். பின்னர் அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அச்சகோதரரை அழைத்து, மூன்றில் இரண்டு பங்கைப் பெண்மக்களுக்கும் எட்டில் ஒரு பங்கை அவர்களின் தாயாருக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். அதாவது சொத்தை 24 பங்காக்கினால் பெண்மக்களுக்கு 16, தாயாருக்கு 3, சகோதரருக்கு 5. பெரியவர்கள் மனமிரங்கித் தருவதாக இல்லாமல், குழந்தைகளின் பங்கு அன்று சட்டமாயிற்று.

நெருங்கிய வாரிசு இருக்கையில் தூரத்து வாரிசு பங்கு பெறார் என்பது அச்சட்டத்தின் ஓர் அடிப்படையாகும். ஆகவே பாட்டனாருக்கு முன்பே மகன் இறந்து, பாட்டனாரின் மற்றொரு மகன் உயிருடன் இருப்பாராயின், இறந்தவரின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பும் இதுவே. இத்தகைய எத்தீம்களுக்காக மார்க்கம் திறந்து வைத்துள்ள வாசல் வஸிய்யத் ஆகும். அது விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) (மறைவு கி.பி. 1064) அவர்களோ, வாரிசாகாத உறவினருக்கு வஸிய்யத் செய்வது கடமை என்றார்கள்.

எகிப்து நாடு 1946ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டத்தில் இக்கருத்தை ஏற்றது. பாட்டனார் வஸிய்யத் செய்யாமல் இறந்தாலும், செய்ததாகவே அச்சட்டம் கொள்ளும். தந்தை உயிருடன் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய பங்கு, மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் பேரப்பிள்ளைகளுக்குச் சேரும். இரு மகன்களில் ஒருவரை முன்னரே இழந்த பாட்டனார் 12 இலட்சம் விட்டுச் சென்றால், பேரப்பிள்ளைகளுக்கு 4 இலட்சம். உயிருடனிருக்கும் மகனுக்கு 8 இலட்சம். சிரியா (1953), மொராக்கோ (1958) ஆகிய நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின. பாகிஸ்தான் 1961இல் தந்தையின் பங்கையே முழுமையாக அளித்தது. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நமக்கு மார்க்க வாரிசுரிமையே பொருந்தும். எகிப்தைப் போன்ற ஏற்பாடு இங்கு இல்லை. பாட்டனார் எதுவும் செய்யாமல் இறந்தால், நீதிமன்றம் சென்றாலும் அப்பிள்ளைகளுக்குப் பங்கு கிடைக்காது.

ஆகவே மகனை இழந்த பெரியோர்கள், கடன் போக எஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அம்மகனின் பிள்ளைகளுக்கு வஸிய்யத் எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இதற்கு ஏனைய மக்களின் சம்மதம் தேவையில்லை. எனினும் அவர்களுக்கு அறிவித்து வைத்தல் பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும். மரணத்தின் நேரத்தை நாம் அறியோம். ஆதலால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எத்தீம்களின் உரிமையைப் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.