நடன அமைப்பு

நடன அமைப்பு என்பது ஆடலின் அசைவுகளைத் தாளத்துக்கும் மேடையின் அளவுக்கும் ஆடுவோர் தொகைக்கும் ஏற்பத் தேர்ந்து கோக்கும் கலை. பேச்சு வழக்கில் 'கொரியோகிராபி'. அப்படி உருவான ஆட்டத்தையும் இச்சொல் குறிக்கும்.

ஆடல், எழுத்து ஆகிய பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது கொரியோகிராபி. 1700இல் பாரிசில் ரவுல் ஓஜே ஃபெயே வெளியிட்ட நூலின் தலைப்பில் அது நடனத்தைக் குறியீடுகளால் தாளில் எழுதும் முறையையே குறித்தது. பின்னர் எழுத்து கழன்றுபோய், ஆட்டத்தை உருவாக்குவது மட்டும் பொருளாக நின்றது.

தமிழில் சொல் புதிது, வேலை பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியனின் தகுதிகளைத் தனியே வகுக்கிறது. பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் மரபில் இப்பணி நட்டுவனார் என்னும் ஆடல் ஆசிரியருடையது. ஆனால் 'நட்டுவாங்கம்' இதற்கு நேர்ச்சொல் ஆகாது. அது தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது. அடவுகள் எனும் அடிப்படை அசைவுகளைக் கோர்வையாக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒருவரே செய்துவந்ததால் வந்த மயக்கம் இது. திரையுலகம் எந்தச் சிக்கலும் இல்லாமல் 'டான்ஸ் மாஸ்டர்' என்று முடித்துக்கொண்டது.

இந்தியாவில் இது தனிப் பாடமானதில் பெங்களூருக்குப் பங்கு பெரிது. மல்லேசுவரத்தில் 1928இல் பிறந்த கதக் கலைஞர் மாயா ராவ், 1960களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் ரஸ்திஸ்லாவ் சகாரவிடம் நடன அமைப்பு பயின்றார். 1964இல் டெல்லியில் நாட்டிய நிறுவனத்தைத் தொடங்கி, 1987இல் அதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார். குருவிடம் கற்றதை அப்படியே ஆடுவதே பெருமை என்றிருந்த சூழலில், புதிதாக அமைப்பதைப் பாடத்திட்டம் வைத்துச் சொல்லித்தந்தது துணிச்சல்தான். அவர் 2014இல் மறைந்தார். சமகால நடனத்துக்கு, 1992இல் நிறுவப்பட்ட ஆட்டக்களரி இந்நகரின் முதன்மை மையங்களுள் ஒன்று. கன்னடத்தில் இதற்கு 'நிருத்திய சம்யோஜனெ' என்பது வழக்கு.

இதே ஊரின் மென்பொருள் அலுவலகங்களிலும் கொரியோகிராபி காதில் விழும். பல நிரல்கள் ஒரு மையக் கட்டுப்பாடு இன்றி, ஒன்றன் செய்தி கேட்டு மற்றொன்று தானே இயங்கும் அமைப்பு முறைக்கு அங்கே அந்தப் பெயர். மையத்தில் ஒன்று இருந்து ஏவினால் அது 'ஆர்கெஸ்ட்ரேஷன்'. ஆட்டத்தின் நடுவே யாரும் கட்டளையிடுவதில்லை என்பதே இந்த உவமையின் பிடி. தாளத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நட்டுவனாரை அது கணக்கில் எடுக்கவில்லை.