பார்வைக்கு இடைஞ்சலான ஊர்

இங்கிலாந்துக் கிராமம் என்றதும் நாட்காட்டியும் பிஸ்கட் டப்பாவும் பழக்கிவைத்த படம் ஒன்று விரிகிறது. கூரை வேய்ந்த வெள்ளை வீடுகள், சரிவில் ஒரே தெரு, தேவாலயம், மதுக்கடை. எல்லாம் தானாக முளைத்தது போல. டார்செட் பகுதியிலுள்ள மில்டன் அப்பாஸ் இந்தப் படத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும் ஊர். அதனாலேயே அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய மில்டன், மடாலயத்தை ஒட்டி வளர்ந்த சந்தை நகரம். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். 1752இல் மடத்துச் சொத்தை வாங்கிய ஜோசப் டேமர், பின்னாளில் மில்டன் பிரபு, அங்கே மாளிகை எழுப்பினார். சன்னலைத் திறந்தால் சனங்கள் தெரிந்தார்கள். அதுதான் ஊர் செய்த குற்றம்.

'கேப்பபிலிட்டி' பிரவுன் என்கிற பேர்போன தோட்ட வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். நேர்க்கோடுகளைத் துடைத்துவிட்டுப் புல்வெளியும் நீர்நிலையும் காலங்காலமாக அங்கேயே இருந்தன என்று நம்பவைப்பது அவருடைய கலை. 'இயற்கை' என்ற சொல்லாடலுக்குள் எவ்வளவு இடிபாடு மறைந்திருக்கிறது! ஆலிவர் கோல்ட்ஸ்மித் இப்படி அழிந்த கிராமத்தைப் பற்றி 1770லேயே கவிதை எழுதிவிட்டார். எந்தப் பிரபு கவிதைக்குப் பயந்தார்? 1780 வாக்கில், மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தில் புதிய தெரு வந்தது. ஒரே வார்ப்பில் 36 வீடுகள், வீட்டுக்கு இரண்டு குடும்பம். நல்ல வீடு கட்டிக் கொடுத்தாரே என்பார்கள். கணக்கு இடிக்கிறது, இல்லையா?

எனக்கு முக்கியமாகப் படுவது இடித்த விதம். ஒரே ராத்திரியில் புல்டோசர் விடுகிற அவசரம் பிரபுவுக்கு இல்லை. குத்தகை முடிய முடிய ஒவ்வொரு வீடாக விழுந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம். சட்டம் அவர் பக்கம், காலமும் அவர் பக்கம். பழைய பள்ளிக்கூடத்தை பிளாண்ட்ஃபோர்டுக்குத் தூக்கிப்போக 1785இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் கொடுத்தது.

வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் குத்தகையை விட்டுத்தர மாட்டேன்னுட்டார். மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள்ளே தண்ணியை விட்டாங்க. அவர் கேஸ் போட்டார், ஜெயிச்சார். சட்டம் தெரிந்தவர் என்பதால் முடிந்தது. கூலிக்காரன் வீட்டில் தண்ணீர் புகுந்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

இன்று அந்தத் தெரு, பாதுகாக்க வேண்டிய பாரம்பரியம். வீடுகளின் தோற்றத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பிரபு போட்ட கோட்டை இப்போது அரசு காவல் காக்கிறது. பழைய ஊரிலிருந்து பத்திரமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்திய கட்டடம் ஒன்று உண்டு: ஏழைகளுக்கான தர்ம விடுதி. தேவாலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.