பிடிப்பும் சான்றும்: இருகூர் வால்வுச் சீர்செய்கையில் உறுதிப்படுத்தலும் ஊவாத் தோட்டங்களும்

ஆய்வுப் பொருள்

நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வைச் சீர்செய்யும்போது, பொருத்திய கருவி உறுதியாக அமர்ந்துள்ளதா என்ற கேள்வி பெரும்பாலும் சிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே கேட்கப்படுகிறது. அங்கே கிடைக்கும் விடை இன்றியமையாதது. ஆனால் முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். சிகிச்சைக்குப் பின் நோயாளி இலங்கையின் ஊவா மாகாணத்து மலைத் தேயிலைத் தோட்டமொன்றுக்குத் திரும்புகிறார் என்று கொண்டால், உறுதிப்படுத்தலின் எல்லையும் அவருடன் மலையேற வேண்டியிருக்கிறது.

பிடிப்பைச் சோதித்தல்

1991இல் இத்தாலிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒட்டாவியோ அல்ஃபியேரி, கசியும் இருகூர் வால்வின் இரண்டு மடல்களையும் நடுவில் சேர்த்துத் தைத்தார். அதையே ஊசிநூலின்றிச் செய்வது மைட்ராகிளிப். 2003இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தொடை நாளம் வழியாக வலச் சோணையறையை அடையும் குழாய், இடைச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் செல்கிறது. இதயம் துடித்தபடியே இருக்கிறது. உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ கருவி தரும் படமே மருத்துவருக்குக் கண்.

கிளிப்பைக் கழற்றி விடும்வரை அதைத் திறந்து மீண்டும் பிடிக்கலாம், விட்டபின் முடியாது. எனவே விடுமுன் மூன்றுக்கு விடை வேண்டும். இரு மடல்களும் கிளிப்பின் கைகளுக்குள் போதிய அளவு நுழைந்துள்ளனவா? கசிவு குறைந்துள்ளதா? வால்வு அளவுக்கு மீறி ஒடுங்கவில்லையா? கடைசிக் கேள்விக்கு, வால்வின் இருபுற அழுத்த வேறுபாடு சராசரி 5 மி.மீ. இரசத்தைத் தாண்டாதிருப்பதே பொதுவான அளவுகோல்.

இரண்டாம் விடையை முதலாவதற்கு ஈடாகக் கொள்வதுதான் ஆபத்து. மயக்க மருந்தால் இரத்த அழுத்தம் தாழும்போது கசிவும் குறைந்ததுபோல் தெரியும். ஒரு மடலின் ஓரத்தை மட்டும் கவ்விய கிளிப்பும் சிறிதுநேரம் நல்ல படம் காட்டலாம். ஆகவே இரத்த அழுத்தத்தை நோயாளியின் இயல்பு நிலைக்கு உயர்த்திக் கசிவை அளக்க வேண்டும். மடல்களின் நுழைவை வெவ்வேறு தளங்களில் தனித்தனியாகக் காண வேண்டும். கிளிப் வால்வின் வாயிலை இரண்டாகப் பிரிப்பதால், முப்பரிமாணப் படத்தில் அவ்விரு வாயில்களுக்கு நடுவே பாலம் தெரிய வேண்டும்.

2009இல் வெளியான தொடக்க ஆய்வில் 107 நோயாளிகளுள் 9 சதவீதத்தினரிடம் கிளிப் ஒரு மடலை விட்டு விலகியது. 2018இல் வெளிவந்த, 614 பேரை உள்ளடக்கிய கோப்ட் ஆய்வில், கருவி பெற்ற பிரிவினருள் 96.6 சதவீதத்தினர் 12 மாதம்வரை கருவிசார் சிக்கலின்றி இருந்தனர். இரு ஆய்வுகளின் நோயாளிகளும் அளவுகோல்களும் வேறு. ஆகவே நேரடியாக ஒப்பிட முடியாது; ஆயினும் கைப்பழக்கமும் படத்தெளிவும் வளர்ந்ததன் பங்கும் இந்த வேறுபாட்டில் இருக்கக்கூடும்.

எந்த வால்வு, எந்தக் கருவி

எல்லா வால்வுக்கும் கிளிப் பொருந்தாது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தின் 10க்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே உறங்கும் நெருக்கம், தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு வசதியானது. அது தூண்டும் வாதக்காய்ச்சல் மடல்களைத் தடிக்கவைத்து ஒட்டவைக்கிறது. ஏற்கெனவே குறுகிய இத்தகைய வால்வுக்குக் கிளிப் பொருந்தாது, மேலும் குறுக்கிவிடும். அதற்குரியது, ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1982இல் முதன்முதலாகப் பயன்படுத்திய பலூன்.

பலூனின் விட்டத்தைக் கணிக்க எளிய வழியுண்டு: சென்ரிமீற்றரில் உயரத்தைப் பத்தால் வகுத்து, பத்தைக் கூட்டினால் மில்லிமீற்றர் அளவு வரும். 150 செ.மீ. உயரமுள்ள கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது 25 மி.மீ. ஆனால் தொடக்கத்திலேயே அந்த அளவுக்கு விரிப்பதில்லை. சிறிதாகத் தொடங்கி, ஒவ்வொரு விரிப்புக்குப் பின்னும் எக்கோவால் வாயிலின் பரப்பையும் புதிய கசிவையும் பார்த்தே அடுத்த அளவுக்குச் செல்ல வேண்டும். பரப்பு 1.5 சதுர செ.மீ.க்கு எட்டி, கசிவு மிகாதிருந்தால் அங்கே நிறுத்தலாம். உள்ளே எதையும் விட்டுவராத சிகிச்சையிலும் உறுதிப்படுத்தல் இவ்வளவு கறாராகவே இருக்கிறது.

மலைக்குத் திரும்பிய பின்

கிளிப்பின் மீது திசு வளர்ந்து மூடும்வரை உலோகமே பிடி. ஒரு மடல் விலகுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நேர்வதற்கு இது ஒரு காரணம். பலூன் சிகிச்சை பெற்றவருக்கோ ஆபத்து மீண்டும் வரும் வாதக்காய்ச்சலே. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சதைன் பெனிசிலின் ஊசிதான் காப்பு. இரண்டு நிலைகளிலும் கொழும்புச் சிகிச்சைக் கூடத்தில் கிடைத்த நல்ல படம் ஊவாவின் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் தானாகக் காவல் நிற்காது.

எனவே மூன்று ஏற்பாடுகளை முன்வைக்கிறேன். முதலாவது, நோயாளி வீடு திரும்பும்போது கசிவின் தரம், அழுத்த வேறுபாடு, மடல்களின் நிலை ஆகியவற்றைக் குறித்த அட்டை அவர் கையில் இருக்க வேண்டும். முதல் எண் இல்லாமல் இரண்டாம் எண்ணுக்குப் பொருளில்லை. இரண்டாவது, ஒரு மாதத்துக்குள் பதுளை போதனா வைத்தியசாலையில் மார்பின் மேலிருந்து எடுக்கும் எக்கோவை அந்த அட்டையுடன் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, “மலை ஏறையில திரும்ப மூச்சு வாங்குது” என்று ஒருவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னால், அதைக் களைப்பென்று அனுப்பிவிடாமல் எக்கோவுக்கு அனுப்பத் தமிழில் எழுதிய குறிப்பு அங்கே இருக்க வேண்டும்.

முடிவு

விடுமுன் மடல்களைக் காண்பது முதற் சான்று. அதே வால்வை ஒரு மாதம் கழித்து அதே அளவைகளால் மீண்டும் காண்பது இரண்டாம் சான்று. இரண்டும் கிடைத்த பின்னரே கருவி உறுதியாக அமர்ந்தது என்று எழுதுவது முறை. ஊவாவின் தொழிலாளிக்கு இரண்டாம் சான்றை மறுக்கும் மருத்துவம், முதற் சான்றின் பயனையும் பாதியில் கைவிடுகிறது.