ஊசியை மாற்றினால் போதுமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், மரத்தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே பழைய சிங்கர் தையல் மிஷின்களையும் பார்க்கலாம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டார வீடுகளின் பொருள்கள் கைமாறி வந்துசேரும் தெரு அது. கறுப்பு உடலில் தங்க நிறப் பூவேலை கொண்ட வீட்டு மிஷினை முன்னறையில் அழகுக்கு வைக்க வாங்குகிறார்கள். பூவேலை குறைந்த, கனத்த தையற்கடை மிஷினை அழகுக்காக யாரும் கேட்பதில்லை. ஆனால் அதைத் தோல் தைக்கும் மிஷினாக மாற்ற முடியும்.

விஷயம் தெரிந்த கைக்கு ஒரு நாள் வேலை அது. அந்த ஒரு நாள் வேலைக்குப் பின்னால் நூற்றெழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. துணி மிஷின் தோல் மிஷினான ஒவ்வொரு முறையும், யார் வீட்டில் உட்கார்ந்து தைப்பது, யார் ஆலைக்குப் போவது, கூலி யார் கைக்கு வருவது என்பவையும் சேர்ந்தே மாறின.

எதை மாற்ற வேண்டும்?

துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும்; ஊசி வெளியே வந்ததும் இழைகள் மறுபடி கூடிவிடும். தோலில் அப்படி நடக்காது. விழுந்த துளை விழுந்ததுதான். தையல் கோணினால் பிரித்துத் தைக்க வழியில்லை. அதனால் தோலை வெட்டிக்கொண்டு இறங்கும் முனையுள்ள ஊசி வேண்டும். சட்டைக்கு 14-ஆம் எண் ஊசி போதும் என்றால், பைக்கும் செருப்பு வாருக்கும் 18 முதல் 22 வரை தேவைப்படும். பருத்தி நூல் தோலில் சீக்கிரம் இற்றுவிடும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் வேண்டும். நூல் தடித்தால் ஊசித் தகட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும், நூலை இறுக்கும் ஸ்பிரிங்கையும் பாபின் கேஸின் திருகையும் தளர்த்த வேண்டும். ஊசி மேலேறத் தொடங்கும் நொடியில் கீழிருக்கும் கொக்கி நூலைப் பிடிக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இரும்புப் பாதம் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சிறு உருளை வைத்த பாதமோ டெஃப்லான் பாதமோ போடலாம்.

அடுத்தது வேகம். சாதாரண கிளட்ச் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். மோட்டாரின் கப்பியும் மிஷின் சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் நிமிடத்துக்கு 1,440 தையல் விழும். தோலுக்கு அது ஆபத்து. மோட்டாரில் 50 மில்லிமீட்டர் கப்பியும் மிஷினில் 150 மில்லிமீட்டர் சக்கரமும் போட்டால் தையல் 480 ஆகக் குறையும், ஊசி இறங்கும் விசையும் கூடும். இவ்வளவு செய்தாலும் அந்த மிஷின் செருப்பின் அடித்தோலைத் தைக்காது; தடித்த அடுக்குகளில் மேல்தோல் நழுவும். கைப்பை, பணப்பை, மெல்லிய வார், ஷூவின் மேற்பகுதி ஆகியவற்றுக்குப் போதும்.

இந்த வேலைகளில் பெண்ணின் கைக்கு ஆகாதது ஒன்றுமில்லை. என்றாலும் மிஷினின் முன்னால் உட்காருவது பெண், அதைத் திறந்து சரிசெய்வது ஆண் என்ற பிரிவினை நம் தையல் வகுப்புகள் முதல் ஏற்றுமதி ஆலைகள் வரை நிலைத்துவிட்டது. தைக்கக் கற்றுக்கொடுக்கிறோம்; திருகைக் கழற்றக் கற்றுக்கொடுப்பதில்லை.

காதல் கதையும் லின் நகரமும்

1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது தையல் மிஷின். மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் நம்பிய கதை. கேள்வி கேட்ட ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். கதை இனிமையானது; ஐசக் சிங்கரின் வாழ்க்கை அதற்கு ஒத்துவரவில்லை. ஐந்து பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்ற அவர், காசு வரும் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தார். மிஷினை அன்பின் பரிசாகக் காட்டும் கதை, அதன் முன் அமர்ந்தவர்களின் கூலிக் கணக்கை மறைத்துவிடுகிறது.

அந்தக் கணக்கைப் பார்க்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரத்துக்குப் போக வேண்டும். காலணித் தொழிலின் ஊர் அது. ஆண்கள் பட்டறையில் அடித்தோலை இணைக்க, மனைவியும் மகள்களும் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே வீட்டில் மேற்தோலைக் கையால் தைத்தார்கள். 1852-இல் ஜான் நிக்கல்ஸ் என்பவர், துணிக்காக வந்த ஹோவின் தையல் மிஷினை மேற்தோல் தைக்கும்படி மாற்றியமைத்தார். இன்று நாம் செய்யும் அதே மாற்றம். மிஷின்கள் ஆலைக்குள் போயின. இளம்பெண்கள் அவற்றின் பின்னால் போனார்கள். வீட்டில் தைத்த மணமான பெண்களுக்கு வேலை குறைந்தது, கூலியும் விழுந்தது.

1860 பிப்ரவரியில் லின் நகரக் காலணித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச் 7 அன்று கொட்டும் பனியில் சுமார் 800 பெண்கள் ஊர்வலம் போனார்கள். ஆலைப் பெண்களில் ஒரு பகுதியினர் வீட்டில் தைப்பவர்களின் கூலியையும் சேர்த்து உயர்த்தக் கேட்போம் என்றார்கள். அந்தக் குரல் எடுபடவில்லை. குடும்பத்தைக் காப்பது ஆணின் கூலி, முதலில் அது உயரட்டும் என்ற வாதம் வென்றது. இந்தப் போராட்டத்தைப் பெண்களின் பக்கத்திலிருந்து மேரி பிளெவெட் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். 1869-இல் அதே லின் நகரில் கூடிய காலணித் தொழிலாளப் பெண்கள், கிரிஸ்பின் புனிதரின் மகள்கள் என்ற பெயரில் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள்.

நம் ஊருக்கு வந்த மிஷின்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சிங்கர் மாடல் எண்ணின் பின்னால் ‘கே’ என்ற எழுத்து இருந்தால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையில் செய்தது. 1911 மார்ச்சில் அங்கே மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவிலிருந்து மூன்று பேரை எடுத்துவிட்டு, அவர்கள் வேலையையும் மீதமிருந்த பன்னிரண்டு பெண்கள் தலையில் கட்டினார்கள். அந்தப் பெண்கள் வேலையை நிறுத்த, அடுத்த சில நாட்களில் ஏறக்குறைய ஆலை முழுவதும் வெளியே வந்தது. ஏப்ரலில் போராட்டம் தோற்றது. முன்னின்றவர்கள் பலர் வேலை இழந்தார்கள். அந்தப் பெண்களைப் போன்றவர்கள் மெருகேற்றிய மரப்பலகையின் மேல்தான் நம் பாட்டிகள் துணியை விரித்தார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

நம் ஊரில் தோலுக்கும் துணிக்கும் இடையே இன்னொரு சுவர் இருந்தது: சாதி. கண்மாயையும் கிணற்றையும் நம்பிய சிவகங்கைச் சீமையில் தோல் இல்லாமல் விவசாயம் நடக்கவில்லை. கமலை இறைக்கத் தோல் வேண்டும், மாட்டுக்கு வார் வேண்டும், காலுக்குச் செருப்பு வேண்டும். அவற்றைத் தைத்துக் கொடுத்த அருந்ததியர் முதலான சாதிகளை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். தோலைத் தொடும் பெண்ணுக்குத் தீட்டு இரண்டு மடங்கு. துணி தைப்பதோ ‘குடும்பப் பெண்ணுக்கு ஏற்ற கைத்தொழில்’ ஆனது. ஊசி ஒன்றுதான், துளைக்கும் பொருளைப் பொறுத்து மரியாதை மாறியது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பல்லாயிரம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம் அதுதான். அச்சேறிய பெண்கள் இதழ்களும் அதனால் தப்பின. அச்சில் ஏறிய கைவேலைக்கு அப்படி ஒரு காப்பகம் கிடைத்தது. குத்தூசியைப் பிடித்த பெண்ணின் அறிவு அச்சேறவே இல்லை. அதைச் சேர்க்க எந்தச் செட்டியாராலும் முடிந்திருக்காது.

தோல் தைக்கும் மிஷின்கள் தமிழ்நாட்டுக்குப் பெரும் எண்ணிக்கையில் வந்ததற்குக் காரணம் ஒரு வணிகக் கொள்கை. ஆங்கிலேயர் காலம் தொட்டு மதராஸ் மாகாணத்துத் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பாதி பதனிடப்பட்டுக் கப்பலேறியது. தைக்கும் கூலி வெளிநாட்டில் தங்கியது. 1972-இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு அரைகுறைத் தோல் ஏற்றுமதி படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களில் ஷூ ஆலைகள் பெருகின. மேற்தோல் தைக்கும் மிஷின்களின் முன்னால் பெண்கள் அமர்ந்தார்கள். லின் நகரில் 1850-களில் நடந்தது இங்கே நூற்றிருபது ஆண்டு கழித்து நடந்தது.

ஒரு வேறுபாடும் உண்டு. மொக்காசின் வகை ஷூவின் முன்பக்கத்தில் சுருக்கம் வைத்துத் தைக்கும் வேலையை நம் முதலாளிகள் கையாலேயே செய்விக்கிறார்கள். ஏஜென்ட் மூலம் அது ஆம்பூர்ப் பகுதி வீடுகளுக்குப் போகிறது. தலித் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் வாசற்படியில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் தைக்கிறார்கள். விரல் வெடிக்கிறது, தோள் வலிக்கிறது. வருங்கால வைப்பு நிதியும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லும் உலகத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. லின் நகரில் எடுபடாமல் போன அந்தக் கேள்வி ஆம்பூர் வாசற்படிகளில் இன்னும் கிடக்கிறது.

இலவச மிஷினும் திருகும்

தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தையல் மிஷின் தரும் திட்டத்துக்கு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் இருக்கிறது. 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண் தலைவர் அவர். தாழ்த்தப்பட்டோர் நலன் புறக்கணிக்கப்படுகிறது என்று 1974-இல் பதவியை விட்டு வெளியே வந்தவர். தோலைத் தொட்டதால் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்காகவும் பேசியவரின் பெயரால் நாம் கொடுப்பது துணி மிஷின். அதுவும் தைக்கத் தெரியும் என்ற சான்றிதழ் இருந்தால் கிடைக்கும். மிஷினைப் பிரித்துப் பூட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் திட்டத்தால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே தெருவில் பத்துப் பேர் ஜாக்கெட் தைத்தால் ஜாக்கெட்டின் கூலிதான் குறையும். கோட்டையூரில் ஒரு பெண்கள் குழு பழைய பவர் மிஷின் ஒன்றை வாங்கிக் கப்பியையும் ஊசியையும் பாதத்தையும் மாற்றினால், கைப்பையும் செருப்பு வாரும் தைக்கலாம். அதற்கு மோட்டார் வாங்கும் அளவுக்குக் கடன் வேண்டும், தோல் மொத்த விலையில் கிடைக்க வேண்டும், ஏஜென்ட் இல்லாமல் ஆர்டர் வர வேண்டும், தோல் வேலை என்றதும் முகம் சுளிக்கும் வீட்டையும் தெருவையும் எதிர்கொள்ள வேண்டும். மிஷின் பழுதானால் மெக்கானிக்குக்காக இரண்டு நாள் காத்திராமல் தானே திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

லின், கிளைட்பேங்க், ஆம்பூர் மூன்று இடத்திலும் பெண்களுக்குத் தைக்கத் தெரிந்திருந்தது. மிஷினை எப்படி மாற்றுவது, எங்கே வைப்பது, எந்த வேகத்தில் ஓட்டுவது என்ற முடிவு மட்டும் அவர்களிடம் இல்லை. தையல் வகுப்பில் முதல் பாடமாக ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லித்தருகிறோம். அதே வாரத்தில் பாபின் கேஸைக் கழற்றி அதன் திருகைத் தளர்த்தவும் இறுக்கவும் சொல்லித்தரலாம். அதற்குச் செலவு ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான்.