விரலுக்கு யார் மேனேஜர்?

பைக்கில் போய்க்கிட்டே கேக்கறவங்க இதை அப்புறமா செஞ்சு பாருங்க. மத்தவங்க இப்பவே ரெண்டு ஆள்காட்டி விரலையும் முன்னால நீட்டுங்க. கார் வைப்பர் மாதிரி ரெண்டும் ஒரே பக்கமா, இடம் வலம்னு ஆடட்டும். வேகத்தைக் கூட்டுங்க. இன்னும் கூட்டுங்க. ஒரு கட்டத்துல விரல் உங்க பேச்சைக் கேக்காது. ரெண்டும் சேர்ந்து உள்ளே, சேர்ந்து வெளியேன்னு தானாவே மாறிடும்.

மாறச் சொன்னது யாரு?

இந்தக் கேள்வி 1920களின் மாஸ்கோவில் தொடங்குகிறது. அலெக்ஸெய் கஸ்தெவ் என்பவர் அங்கே மத்திய உழைப்பு நிறுவனத்தை நடத்தினார். உலோகத் தொழிலாளி, கூடவே கவிஞர். (ஆமா, கவிஞர்தான்!) தொழிலாளியின் உடம்பு இயந்திரம் போல ஓடணும் என்பது அவருடைய கனவு. சுத்தியல் அடிக்க ஒரே ஒரு சரியான முறை இருக்கும், அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் பழக்கிவிடலாம் என்று நம்பினார்.

அதை அளக்க வந்தவர் நிகொலாய் பெர்ன்ஷ்டைன் என்ற இளம் மருத்துவர். கை மூட்டுகளில் குட்டி பல்புகளைக் கட்டி, அசைவின் பாதையைப் படமெடுத்தார். கிடைத்ததோ நேர் எதிரான பதில். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் விழுகிறது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வொரு அடியிலும் வேறு வேறு மாதிரி போகின்றன. ஒன்று கொஞ்சம் பிசகினால் இன்னொன்று ஈடுகட்டுகிறது. கைதேர்ந்த ஆள் அசைவை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்குப் போடுகிறார்.

பாவ்லவ் கோலோச்சிய காலம் அது. அவரை விமர்சித்து பெர்ன்ஷ்டைன் எழுதிய புத்தகம் அச்சேறவிருந்த நேரத்தில், 1936இல், பாவ்லவ் இறந்தார். புத்தகம் அப்போது வரவே இல்லை. 1948இல் ஸ்டாலின் பரிசு கொடுத்த அதே அரசின் கீழ், கொஞ்ச காலத்திலேயே வேலையும் போனது. கஸ்தெவின் கதி இன்னும் மோசம்: 1939இல் சுட்டுக் கொன்றார்கள்.

பெர்ன்ஷ்டைன் இறந்த மறு வருடம், 1967இல், அவர் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்தன. அமெரிக்காவின் கனெடிகட்டில் ஒரு கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே வேலை பார்த்த ஸ்காட் கெல்சோதான் நீங்க இப்போ செஞ்ச விரல் பரிசோதனையைச் செய்தவர். அதற்குக் கணக்கு எழுத உதவியவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஹாக்கன், லேசர் இயற்பியல்காரர்! ஹெர்பர்ட் புன்ஸும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட சமன்பாட்டில் உத்தரவு போடும் மேனேஜர் யாரும் கிடையாது. வேகம் கூடக் கூட ஒரு ஒழுங்கு நிலைகுலைகிறது. மிச்சமிருக்கும் ஒழுங்கில் விரல்கள் போய் விழுகின்றன. அவ்வளவுதான்.

"ரெண்டு விரலுக்கும் மூளை ஒண்ணுதானே, அது ரகசியமா சொல்லியிருக்கும்"னு நீங்க கேக்கலாம். நியாயமான சந்தேகம். 1990இல் ஷ்மிட், கரெல்லோ, டர்வி மூவரும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் காலை ஒருவர் பார்த்தபடி ஆட்டச் சொன்னார்கள். மாற்றி மாற்றி ஆட்டிய கால்கள், வேகம் கூடியதும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. இரண்டு மூளை, நடுவே பார்வை மட்டும்.

பிறகு லிஸ்பனில் டுவார்ட்டே அரவுஜோ குழுவினர் கூடைப்பந்தில் தாக்குபவரையும் தடுப்பவரையும் இதே கண்ணோட்டத்தில் ஆராய்ந்தார்கள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. ஆட்டக்காரர் விரல் இல்லையே; இடப்பக்கம் போற மாதிரி காட்டிட்டு வலப்பக்கம் போவார்.