உயிரியல்

கல்லாவியிலிருந்து ஊத்தங்கரைக்கோ கிருஷ்ணகிரிக்கோ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, பிளஸ் டூ வரை ‘உயிரியல்’ படித்திருப்பாள். பட்டப்படிப்பில் அது பெரும்பாலும் தாவரவியல், விலங்கியல் என இரண்டாகப் பிரிந்துவிடும். பெயர் பிரிந்தாலும் படிக்கும் பொருள் ஒன்றுதான்: உயிர்.

‘பயாலஜி’ என்ற சொல்லை 1802இல் ஜெர்மனியில் திரெவிரானுசும் பிரான்சில் லமார்க்கும் தனித்தனியே கையாண்டார்கள். கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்றால் வாழ்வு. நாம் வாழ்வை விட்டு உயிரைப் பிடித்தோம். அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். எழுத்தைக்கூட உயிர், மெய், உயிர்மெய் என்று பகுத்த மொழி இது. மெய் என்றால் உடல்.

‘இயல்’ என்றால் தன்மை. நூலின் பகுதிக்கும் அதுவே பெயர். தொல்காப்பியத்தின் கடைசி இயல் மரபியல். புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, மனிதர் ஆறறிவு என்று உயிர்களை வரிசைப்படுத்துவது அங்கேதான். வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்கிறது அது. அந்தக் கணக்கில் பனை மரமல்ல, புல். இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, மூங்கில் மூன்றையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில் வைக்கிறது. புளியும் மாவும் இருவித்திலை. ஜெனட்டிக்ஸுக்கு இன்று நாம் வழங்கும் பெயரும் மரபியல்தான்.

தாவரவியல் எடுத்திருக்கும் பிள்ளைகளே, ஒருவித்திலைப் பாடம் நடக்கும் வாரத்தில் தொல்காப்பிய மரபியலையும் எடுத்துப் படியுங்கள்.