ஃபினாஸ்டரைடு: வழுக்கைக்கான மாத்திரையும் அதன் எச்சரிக்கைக் குறிப்புகளும்

ஃபினாஸ்டரைடு என்பது ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையைத் தடுக்கவும், முதுமையில் ஏற்படும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தைக் குறைக்கவும் தரப்படும் மாத்திரை ஆகும். இதை உருவாக்கியது அமெரிக்காவின் மெர்க் நிறுவனம். புராஸ்டேட் வீக்கத்துக்கான 5 மில்லிகிராம் மாத்திரை ‘ப்ராஸ்கார்’ என்ற பெயரில் 1992-ஆம் ஆண்டிலும், வழுக்கைக்கான 1 மில்லிகிராம் மாத்திரை ‘புரொப்பீசியா’ என்ற பெயரில் 1997 டிசம்பரிலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றன. அன்று முதல் இன்று வரை மாத்திரைக்குள் இருக்கும் வேதிப்பொருள் ஒன்றுதான். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் விவரத்தாளில் பக்கவிளைவுகளின் பட்டியல் பலமுறை திருத்தப்பட்டு நீண்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு குறைக்காக, உடல்நலத்துடன் இருக்கும் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் மருந்து என்பதால் இந்தத் திருத்தங்களின் வரலாறு முக்கியமானது.

வழுக்கையும் ஆண் சுரப்புநீரும்

விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே கவனித்திருந்தனர். அதன் காரணத்தை ஆய்வு முறையில் காட்டியவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவமடைவதற்கு முன்பே விதைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை வருவதில்லை என்றும், அவர்களுக்கு ஆண் சுரப்புநீரான டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினால் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு முடி கொட்டத் தொடங்குகிறது என்றும் 1942-இல் அவர் வெளியிட்ட கட்டுரை கூறியது. செலுத்துவதை நிறுத்தினால் கொட்டுவது நின்றது. போன முடி திரும்பவில்லை. வழுக்கைக்குப் பரம்பரை, சுரப்புநீர் ஆகிய இரண்டும் சேர வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் வழுக்கையைத் தடுக்க எவரும் விதைகளை இழக்கச் சம்மதிக்கமாட்டார் என்பதால் இந்த அறிவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயனின்றிக் கிடந்தது.

லாஸ் சலினாஸ் கிராமம்

வழி ஒரு கரீபியத் தீவிலிருந்து பிறந்தது. டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் லாஸ் சலினாஸ் என்னும் ஒதுக்குப்புறமான கிராமம் உள்ளது. அங்குச் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பன்னிரண்டு வயதையொட்டி ஆண் உடலுக்கு மாறினர். ஊரார் இதற்குத் தனிப் பெயரே வைத்திருந்தனர். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி தம் குழுவினருடன் இவர்களை ஆராய்ந்து, 1974-இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினார்.

டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் (சுருக்கமாக டி.எச்.டி.) என்னும் வீரியம் மிகுந்த பொருளாக மாற்றுவது ‘5-ஆல்ஃபா ரிடக்டேஸ்’ என்ற நொதி. அந்த நொதி இவர்களுக்குப் பிறவியிலேயே குறைவாக இருந்தது. கருவில் ஆணின் வெளிப்புற உறுப்புகள் உருவாக டி.எச்.டி. தேவை, அது இல்லாததால் பிறப்பில் பெண் தோற்றம். பருவ வயதில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் குரலையும் தசையையும் ஆணுக்குரியதாக்கியது. வளர்ந்தபின் இவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, தாடி குறைவு, முன்நெற்றி ஏறவில்லை, வழுக்கை இல்லை.

1975-இல் இந்த ஆய்வு பற்றிய தகவல் மெர்க் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ராய் வேகலோஸின் பார்வைக்கு வந்தது. இயற்கை அக்கிராமத்தவர்க்குச் செய்ததை ஒரு மாத்திரையால் வளர்ந்த ஆண்களுக்குச் செய்ய முடிந்தால் புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அப்படித் தேடிக் கண்டதே ஃபினாஸ்டரைடு. இது இரத்தத்தில் உள்ள டி.எச்.டி. அளவை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைக்கிறது.

மருந்தின் முதல் எச்சரிக்கையும் அந்தக் கிராமத்திலிருந்து வந்ததே எனலாம். கருவுற்ற பெண்கள் உடைந்த அல்லது பொடியான ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடக் கூடாது. தோல் வழியே உட்சென்றால் ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று விவரத்தாள் தொடக்கம் முதலே கூறுகிறது. இதை உட்கொள்பவர் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் இரத்ததானம் செய்யக் கூடாது என்ற விதியும் இதே காரணத்தால் வந்தது. அந்த இரத்தம் கருவுற்ற பெண்ணுக்குச் செலுத்தப்படக்கூடும்.

1997-இன் விவரத்தாள்

வழுக்கைக்கான முதன்மை ஆய்வு 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்களிடம் நடந்தது. பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் முடிகளை எண்ணினார்கள். ஓராண்டு முடிவில் மருந்து உண்டவர்களுக்குப் போலி மாத்திரைக்காரர்களைவிட 107 முடிகளும், ஈராண்டு முடிவில் 138 முடிகளும் அதிகமாக இருந்தன. தொடக்கத்தில் அந்த வட்டத்தில் சராசரியாக இருந்தவை 876 முடிகள். புதிதாக அடர்ந்த முடி வளரும் என்று எதிர்பார்ப்பவர் இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மருந்தின் பெரும்பயன் இருப்பதைக் காப்பதே. மருந்தை நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்தப் பயனும் போய்விடும்.

பக்கவிளைவுகளாகப் பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் குறைபாடு, விந்து வெளியேற்றக் குறைபாடு ஆகியவை குறிக்கப்பட்டன. இவற்றில் ஒன்றோ பலவோ மருந்து உண்டவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை உண்டவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் இருந்தன. அதாவது நூற்றுக்கு இரண்டு பேருக்கு, எதுவும் இல்லாத மாத்திரையாலேயே இக்குறைகள் தோன்றின. மருந்தின் கணக்கில் சேர்வது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மருந்தை நிறுத்தியவர்களுக்கு இவை மறைந்தன என்றும், தொடர்ந்து உண்டவர்களிலும் பலருக்கு மறைந்தன என்றும் விவரத்தாள் சொல்லியது. பிற்காலச் சர்ச்சை முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சுற்றியே எழுந்தது.

நிறுத்திய பின்னும் நீடித்த குறைகள்

2000-க்குப் பின் மருந்தை நிறுத்தி மாதங்கள், ஆண்டுகள் ஆன பிறகும் குறைகள் நீங்கவில்லை என்று கூறியவர்களின் முறையீடுகள் பல நாடுகளில் சேரத் தொடங்கின. முதலில் அசைந்தது சுவீடன். நிறுத்திய பின்னும் விறைப்புக் குறைபாடு நீடிக்கலாம் என்ற குறிப்பு 2008-இல் அந்நாட்டில் சேர்க்கப்பட்டது. 2009-இல் பிரிட்டன், ஆண்களுக்கு அரிதாக மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டதாக வந்த தகவல்களைச் சுட்டி எச்சரித்தது. அமெரிக்க விவரத்தாளில் 2010 இறுதியில் மனச்சோர்வும், 2011-இல் நீடிக்கும் விறைப்புக் குறைபாடும் இடம்பெற்றன. 2012 ஏப்ரலில் பாலுணர்வு, விந்து வெளியேற்றம், உச்சநிலை உணர்வு ஆகியவற்றில் நிறுத்திய பின்னும் தொடரும் குறைகளும், விந்தின் தரக்குறைவும் சேர்க்கப்பட்டன. சுவீடனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி இருந்ததைக் கவனிக்கலாம். அந்த ஆண்டுகளில் ஒரே மாத்திரையை வாங்கிய இரு நாட்டு இளைஞர்கள் வெவ்வேறு எச்சரிக்கைகளைப் படித்தனர்.

பாதிக்கப்பட்டோர் இந்நிலையை ‘ஃபினாஸ்டரைடுக்குப் பிந்தைய நோய்க்குறித்தொகுப்பு’ என்று அழைத்து, 2012-இல் அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினர். இது தனி நோயா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாதிப்பு அரிதாக இருந்தால் ஆயிரம், இரண்டாயிரம் பேர் கொண்ட ஓராண்டு ஆய்வில் அது தென்படாமல் போகலாம். மறுபுறம், தாமாக வரும் முறையீடுகளைக் கொண்டு எத்தனை பேரில் ஒருவருக்கு வந்தது என்று கணக்கிட இயலாது.

எதிர்பார்ப்பின் பங்கு

2007-இல் வெளியான ஒரு சிறு இத்தாலிய ஆய்வு இச்சிக்கலை நன்கு காட்டுகிறது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு தரப்பட்டது. ஒரு பிரிவினரிடம் பாலியல் பக்கவிளைவுகள் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றப் பிரிவினரிடம் சொல்லவில்லை. ஓராண்டில் சொல்லப்பட்டவர்களில் 43.6 விழுக்காட்டினரும் சொல்லப்படாதவர்களில் 15.3 விழுக்காட்டினரும் அவ்விளைவுகளைத் தெரிவித்தனர். கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலைக் கொண்டுவருவதை மருத்துவத்தில் ‘நோசிபோ விளைவு’ என்பர். இந்த ஆய்வை மருந்துக்குச் சாதகமாகப் பலரும் காட்டுகின்றனர். எனினும் எதுவும் சொல்லப்படாத பிரிவிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் குறை கண்டனர் என்பதும் அதே ஆய்வில்தான் உள்ளது. நோயாளியிடம் உண்மையை மறைப்பது இதற்குத் தீர்வாகவும் முடியாது.

மனநலம் பற்றிய கேள்வி

5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதிக்கு முடியோடும் புராஸ்டேட்டோடும் மட்டும் தொடர்பில்லை. புரொஜெஸ்டிரோனிலிருந்து அல்லோபிரக்னனலோன் என்ற பொருள் உருவாவதும் இந்நொதியின் வழியாகவே. மூளையில் பதற்றத்தைத் தணிக்கும் செயலோடு தொடர்புடையது அது. மனச்சோர்வு பற்றிய ஐயத்துக்கு இந்த வேதியியல் ஓர் அடிப்படை தருகிறது, மெய்ப்பிப்பு ஆகாது.

2020 இறுதியில் ‘ஜாமா டெர்மட்டாலஜி’ இதழ், உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்து விளைவுத் தரவுத்தளத்தை ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. ஃபினாஸ்டரைடு தொடர்பாகத் தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி பற்றிய 356 தகவல்களும், பிற உளவியல் பாதிப்புகள் பற்றிய 2,926 தகவல்களும் அதில் இருந்தன. வழுக்கைக்காக உட்கொண்ட 45 வயதுக்கு உட்பட்டோரிடம் இத்தொடர்பு வலுவாக இருந்தது, முதியவர்களிடம் காணப்படவில்லை. முறையீடுகள் 2012-க்குப் பின் மிகுந்ததால், ஊடகச் செய்திகள் அவற்றைத் தூண்டியிருக்கலாம் என்று கட்டுரையாளர்களே குறிப்பிட்டனர். முடியிழப்பே சில இளைஞர்களை மனச்சோர்வுக்கு ஆளாக்குவதும் உண்டு. மருந்தின் பங்கையும் வழுக்கையின் பங்கையும் பிரித்தறிவது எளிதன்று.

2021-இல் நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட மனச்சோர்வு பற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட தகவல்கள் 2009-க்குள்ளேயே மெர்க் நிறுவனத்துக்கு வந்திருந்தன என்று தெரிவித்தது. மருந்துக்கும் தற்கொலைக்கும் காரணத் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. மருந்தைச் சந்தையிலிருந்து நீக்க வேண்டும் என்று மேற்கூறிய அறக்கட்டளை 2017-இல் அளித்த மனுவை அமெரிக்க நிர்வாகம் 2022-இல் ஏற்கவில்லை. ஆயினும் தற்கொலை எண்ணமும் நடத்தையும் என்ற சொற்களை விவரத்தாளில் சேர்க்கச் செய்தது.

புற்றுநோய் ஆய்வும் ஒரு விளையாட்டு வீரரும்

5 மில்லிகிராம் மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 55 வயதுக்கு மேற்பட்ட 18,882 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. மொத்தப் புற்றுநோய் கால்பங்கு குறைந்தது. ஆனால் வீரியமிக்க வகை 5.1 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாக உயர்ந்தது. இது பெரும் அச்சத்தை ஊட்டியது. 2013-இல் வந்த நீண்டகாலத் தொடர்கணிப்பில் இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை. நடைமுறையில் நினைவில் கொள்ள வேண்டியது வேறொன்று: ஃபினாஸ்டரைடு, புராஸ்டேட் புற்றுநோயை அறிய உதவும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எண்ணை ஏறத்தாழப் பாதியாகக் காட்டும். மாத்திரை உண்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், உயர்ந்த எண் இயல்பானதாகத் தோன்றிவிடும்.

ஊக்கமருந்துகளை மறைக்க உதவும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2005 முதல் இதைத் தடைசெய்திருந்தது. பல ஆண்டுகளாக முடிக்காக இதை உட்கொண்டு, அதை வெளிப்படையாகப் படிவத்திலும் எழுதிவந்த அமெரிக்க ‘ஸ்கெலிட்டன்’ பனிவண்டி வீரர் சாக் லண்ட் 2006 டூரின் ஒலிம்பிக்கை இழந்தார். பரிசோதனை முறைகள் மேம்பட்டதும் 2009-இல் தடை நீக்கப்பட்டது.

அண்மை நிலை

காப்புரிமை முடிந்தபின் ஃபினாஸ்டரைடு மலிவாயிற்று. மருந்துப் பொருளுக்கு 2005 வரை காப்புரிமை தராத இந்தியாவில் உள்நாட்டு நிறுவனங்கள் முன்பே தயாரித்துவந்தன. அமெரிக்காவில் மருத்துவரை நேரில் பார்க்காமலே இணையவழி ஆலோசனையில் இதைப் பெறும் வழக்கம் பரவியது. தலையில் பூசும் கலவைகளும் அவ்வழியே விற்கப்பட்டன. பூசினால் உடலுக்குள் செல்லாது என்று எண்ணிப் பயன்படுத்தியவர்களிடமிருந்து 2019 முதல் 2024 வரை 32 பாதிப்புத் தகவல்கள் வந்ததாகவும், அக்கலவைகள் தன் ஒப்புதல் பெற்றவை அல்ல என்றும் அமெரிக்க நிர்வாகம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது.

அடுத்த மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைடின் பக்கவிளைவு என உறுதிசெய்தது. எவ்வளவு பேருக்கு வரும் என்பது தெரியவில்லை என்றும் சொன்னது. பயன் தீமையைவிட மிகுதி என்பதால் மருந்து விற்பனையில் நீடிக்கிறது. மனநிலையில் மாற்றம் தோன்றினால் வழுக்கைக்காக உண்பவர் மாத்திரையை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும் என்று கூறும் சிறு அட்டை ஒன்றை 1 மில்லிகிராம் மாத்திரைப் பெட்டிகளில் வைக்க வேண்டும் என்பது அக்குழுவின் முடிவு.